ஒதெல்லோவின் பொறாமையும் அதன் சமூக அடித்தளமும்: மடுல்சீமையிலிருந்து ஒரு நோக்கு

அவல நாயகனின் வீழ்ச்சிக்கு அவனது குணக்குறையொன்றே காரணம் எனக் கொள்வது நெடுங்காலமாக நிலவிவரும் திறனாய்வு மரபாகும். சேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வைப் பொறுத்தவரை அக்குறை பொறாமை எனப்படும். ஒதெல்லோ இயல்பிற் பொறாமைக்காரன் அல்லன், இயாகோவின் சூழ்ச்சிக்கு இரையான பெருந்தகை என்றார் பிராட்லி (1904). லீவிஸ் இதனை மறுத்து, அழிவின் வித்து நாயகனின் தன்முனைப்பிலேயே இருந்ததென வாதிட்டார் (1937). இருவரும் எதிரெதிர்ப் புறங்களில் நின்றாலும், இருவரது தேட்டமும் ஒரு தனிமனித உள்ளத்தின் எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றது. அவ்வுள்ளம் எத்தகைய சமூக உறவுகளில் உருவாயிற்று என்ற வினா எழுப்பப்படவில்லை.

பதுளைக்கு அப்பால், மடுல்சீமைத் தேயிலை மலைகளில் வாழும் வாசகனுக்கு இவ்வினா இயல்பாகவே எழக்கூடியது. அவன் அறிந்த கூத்து மரபில் அருச்சுனன் தபசு முக்கியமானது. பாண்டவரைக் காட்டுக்கு அனுப்பிய துரியோதனனின் அழுக்காறே அக்கதையின் பின்புலம். ஆனால் அந்த அழுக்காறு துரியோதனனை மாற்றுவதில்லை. அவனை அறிமுகஞ் செய்கின்றது. ஒதெல்லோவின் நிலை வேறு. முதலங்கத்தில் வாளேந்தி வந்தோரை ஒரு சொல்லால் அடக்கி நிற்பவன், நான்காம் அங்கத்தில் தொடர்பற்ற சொற்களைப் பிதற்றி மயங்கி வீழ்கின்றான். குணம் மாறுவதை மொழியின் சிதைவாகவே காட்டும் இப்பகுதிக்கு நிகரானவை உலக நாடக இலக்கியத்தில் மிகச் சிலவே.

இம்மாற்றம் எங்கே தொடங்குகின்றது? ஒதெல்லோ ஒருகால் அடிமையாக விற்கப்பட்டு மீண்டவன். வெனிஸ் அரசின் ஊதியத்துக்குப் போர்புரியும் அந்நியன். துருக்கியரை எதிர்க்க அவன் வேண்டும்; ஆதலால் பிரபாந்தியோவின் முறையீட்டை ஆட்சியாளர் பொருட்படுத்தவில்லை. அவன் தேவைப்படுகின்றான், ஏற்கப்படவில்லை. இந்த இடைவெளியிற்றான் இயாகோ கை வைக்கின்றான். வெனிஸ் நாட்டுப் பெண்களின் இயல்பு தனக்குத் தெரியும், ஒதெல்லோவுக்குத் தெரியாது என்பதே அவன் ஏவும் முதன்மையான அம்பு. உடனே ஒதெல்லோ தன் நிறத்தையும், நயமான பேச்சறியாமையையும், முதிர்ந்த வயதையும் எண்ணத் தொடங்குகின்றான். கங்காணி முறையின் வரலாறு அறிந்தோர்க்கு இயாகோ புதியவன் அல்லன். மேலிடத்தின் காதுக்கும் கீழுள்ளோர் வாழ்வுக்கும் இடையே நின்று, இருசாராரின் நம்பிக்கையையும் தன் முதலாக்கிக் கொள்பவன் அவன்.

திறனாய்வாளர் பலர் விரைந்து கடந்துசெல்லும் ஒரு காட்சி இங்கு மனங்கொள்ளத்தக்கது. இரண்டாம் அங்கத் தொடக்கத்திலேயே துருக்கியக் கப்பற்படை புயலில் அழிந்துவிடுகின்றது. அதாவது, ஒதெல்லோவின் தேவை தீர்ந்துவிடுகின்றது. நான்காம் அங்கத்தில் வெனிஸிலிருந்து மடல் வருகின்றது: அவன் திரும்பிவர வேண்டும், சைப்பிரசின் பொறுப்பைக் கசியோ ஏற்க வேண்டும். அம்மடலைக் கையில் வைத்திருக்கும் வேளையிலேயே, பலர் முன்னிலையில், அவன் டெஸ்டிமோனாவை அறைகின்றான். பதவியிழப்பும் மனைவியை இழந்துவிட்டோம் என்ற மயக்கமும் ஒரே கணத்தில் ஒன்றாகின்றன. மனைவியின் கற்பில் ஐயங்கொண்டதுமே அவன் போர்த்தொழிலுக்கு விடைகூறியதும் இதனோடு இணைத்து நோக்கற்பாலது.

உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்னும் நிலையை மலையகம் நன்கறியும். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இன் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவைத்தது. அவர்களின் கேள்வியோ சம்மதமோ அக்கணக்கில் இடம்பெறவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இச்சிக்கல் இழுபட்டது. ஒதெல்லோவுக்கு வந்த மடலின் பொருள் மடுல்சீமையில் விளக்கவுரையின்றியே புரியக்கூடும்.

எனினும், இவ்வாறு கூறுவது அவனைக் குற்றத்தினின்று விடுவிப்பதன்று. நம்மவருட் சிலர் செய்வதுபோல் ஒடுக்கப்பட்டவன் என்ற ஒரு சொல்லால் கொலையை மூடிவிடுதல் மார்க்சியமும் ஆகாது, திறனாய்வும் ஆகாது. வெனிஸில் தனக்கு மறுக்கப்பட்ட உரிமையை அவன் டெஸ்டிமோனாவின் உடல்மீது நிலைநாட்ட முயல்கின்றான். அங்கே அவன் அந்நியன் அல்லன், உடைமையாளன். கானல்வரி கேட்டு, மாதவி வேறொருவனை மனத்திற் கொண்டாள் என ஐயுற்றுப் பிரிந்த கோவலன் பெருவணிகர் குடியில் வந்தவன். அவனுக்கு அந்நியத்தன்மை எதுவுமில்லை. ஆயினும் ஐயம் ஒன்றே. அங்கே சிலம்பு, இங்கே கைக்குட்டை: இரு படைப்புகளிலும் மனிதர் வாய்திறந்து பேசுமுன் பொருள் சாட்சி கூறிவிடுகின்றது. பாண்டியனும் ஒதெல்லோவும் அப்பொருளின் சாட்சியையே நம்பினர்.

இறுதியில் ஒதெல்லோ தன்னைக் குத்திக்கொள்ளும் முன், அலெப்போவில் வெனிஸ்காரன் ஒருவனை அடித்த துருக்கியனைத் தான் கொன்றதாகக் கூறுகின்றான். கொல்லும் காவலனும் கொல்லப்படும் அந்நியனும் அவனே. இவ்விடத்தைப் புகழாத ஆய்வாளர் அரியர். ஆனால் உண்மையை வெளிக்கொணர்ந்தவள் எமிலியா, ஏவற்பெண். ஆடவர்க்குள்ள உணர்வுகள் பெண்டிர்க்கும் உண்டு என முன்னரே சொன்னவளும் அவளே. மலையகத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இலேயே கிட்டிற்று. கொழுந்தெடுத்த கைகள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தன. இந்நாடகத்தை மடுல்சீமையில் மேடையேற்ற நேரின், ஒதெல்லோவின் இறுதியுரைக்கு அளிக்கும் நேரத்தைவிட, கணவன் வாளை உருவி நிற்கையிலும் வாய்மூட மறுக்கும் எமிலியாவின் அந்தச் சில நிமிடங்களுக்கே நெறியாளர் கூடுதல் நேரம் அளித்தல் வேண்டும்.