ஊர்ச் சேனலின் பிள்ளைகள்

அமெரிக்கக் கேபிள் டிவியில் பலரும் நிற்காமல் தாண்டிப்போகும் ஒரு சேனல் உண்டு: ஊர்மக்களே நிகழ்ச்சி தயாரிக்கும் சேனல். மன்ஹாட்டனில் 1971இல் வந்தது. தெருவில் கேபிள் பதிக்க அனுமதி தரும் நகராட்சி, பதிலுக்கு இப்படியொரு சேனலைக் கேட்டு வாங்கலாம் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. நல்ல பேரம்!

நான் ரசிப்பது அங்கே கேமரா பிடிக்கப் பழகும் பதின்வயதுப் பிள்ளைகளை. காதில் ஹெட்செட். "ரெண்டாம் கேமரா, முகத்துக்குப் போ" என்று கன்ட்ரோல் ரூமில் இருக்கும் இன்னொரு பிள்ளை சொன்னதும் ஜூம் தடுமாறும், ஃபோகஸ் கலங்கும். நேரலை, அழித்து எழுத வழியில்லை. பள்ளிக் கூடைப்பந்து ஆட்டத்தில் முதலில் பந்து போன பிறகே கேமரா திரும்பும். சீசன் முடிவதற்குள், வீரரின் தோள் சாய்வதைப் பார்த்தே முந்திக்கொண்டு திரும்பிவிடும்.