மாநிலங்களவையில் அண்ணாவின் பெயர்மாற்ற உரை

அறிஞர் அண்ணாவின் உரைநடையை ஆராயப் புகுவோர், அவர்தம் நாடகங்களையும் சிறுகதைகளையும் தம்பிக்கு எழுதிய மடல்களையும் மேடைச் சொற்பொழிவுகளையுமே பெரிதும் எடுத்துக்கொள்வர். 1962 முதல் 1967 வரை மாநிலங்களவை உறுப்பினராய் இருந்து அவர் ஆற்றிய உரைகள் அரசியல் வரலாற்றாசிரியர்க்கு உரியன என்று ஒதுக்கப்படுகின்றன. அவை ஆங்கிலத்தில் நிகழ்ந்தன என்பதே இதற்குக் கூறப்பெறும் காரணம். எமக்கு அது போதிய காரணமாகத் தோன்றவில்லை. பேசிய மொழி வேறாயினும், வாதத்தின் அமைப்பு நம் இலக்கண நூலார் வகுத்த அளவைகளால் அளந்தறியத்தக்கது. அன்றியும் அவ்வுரைகளுள் ஒன்றில் வழக்கிற்குரிய பொருளே ஒரு தமிழ்ச்சொல்லாக இருந்தது. அவ்வுரையையே ஈண்டு ஆராய்கின்றோம்.

சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடல் வேண்டும் என்னும் சட்ட முன்வடிவைக் கொணர்ந்தவர் தமிழரல்லர். வங்கத்தைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா ஆவார். 1963ஆம் ஆண்டில் அது மாநிலங்களவையில் விவாதத்திற்கு வந்தது. இப்பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகச் சங்கரலிங்கனார் 1956இல் விருதுநகரில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்திருந்தார் என்பதைத் தமிழர் மறந்திலர். தில்லி அதனை எத்துணை அறிந்திருந்தது என்பது வேறு.

விவாதம் நிகழ்ந்த காலத்தை நோக்குதல் இன்றியமையாதது. 1962 மே முதல் நாள் தம் கன்னியுரையில் அண்ணா, தாம் திராவிட இனத்தவர் எனப் பெருமையோடு கூறித் தன்னாட்சி உரிமை வேண்டினார். அவ்வாண்டின் இறுதியில் சீனப் போர் மூண்டது. 1963 சனவரியில், பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்கும் நோக்குடன் வந்த பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தத்தை அவர் எதிர்த்துப் பேசினார். அரசியல் இறைமை மக்களிடத்தது, சட்ட இறைமையோ ஒன்றியத்திற்கும் அதன் உறுப்புக்களுக்கும் பகுக்கப்பட்டது எனக் காட்டி, மாநிலங்களை மேலும் ஆற்றலுள்ள இறைமை உறுப்புக்களாக்குதலே தம் திட்டம் எனக் கொள்ளலாகாதோ என வினவினார். பிரிவினையிலிருந்து கூட்டாட்சிக்கு அவர்தம் சிந்தனை திரும்பும் தடம் இவ்வினாவிலேயே உள்ளது என்பது எம் கருத்து. தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டதும் அவ்வாண்டிலேயே. இத்தகைய சூழலில், பெயர்மாற்றம் கேட்பவர் நாளை வேறென்ன கேட்பாரோ என அவையோர் ஐயுறுவதற்கு இடமிருந்தது. ஆதலின் அண்ணா உணர்ச்சியைக் கொண்டு தொடங்கவில்லை. மிக எளிய நடைமுறைச் செய்தி ஒன்றைக் கொண்டு வாதிட்டார்.

சென்னை என்பது தலைநகரின் பெயர். அதுவே மாநிலத்தின் பெயருமாய் நிற்பது மயக்கந் தருவது. கேரளத்திற்குத் திருவனந்தபுரமும், ஆந்திரத்திற்கு ஐதராபாத்தும், பஞ்சாபிற்குச் சண்டிகரும், குசராத்திற்கு அந்நாளில் அகமதாபாத்தும் தலைநகரங்களாய் இருந்தன. இவ்விணைகளை அடுக்கிக் காட்டியபின், மாநிலத்திற்குத் தனிப்பெயர் கேட்பது புதுமை அன்று, பிறர்க்கெல்லாம் உள்ளதைக் கேட்பதே என்பது தானே விளங்கிற்று. கேட்போர் அச்சத்தை நீக்குதற்கு இதனினும் தக்க தொடக்கம் இல்லை.

பெயரை மாற்றுவதால் நீர் பெறுவது யாது என்னும் வினா அவையில் எழுந்தது. அண்ணாவின் விடை இன்றும் பலர் நினைவில் உள்ளது. பாராளுமன்றத்தின் கீழவையை லோக் சபா என்றும், மாநிலங்களின் அவையை இராஜ்ய சபா என்றும், குடியரசுத் தலைவரை இராஷ்டிரபதி என்றும் அழைத்து நீவிர் பெற்றது யாது என்று அவர் திருப்பி வினவினார். நன்னூலார் பொதுப்பாயிரத்துள் கூறிய எழுவகை மதங்களுள், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் அதனைக் களைதல் ஒன்று. அண்ணா இங்குச் செய்தது அதுவே. பயனில்லாத பெயர்மாற்றம் வேண்டா என்னும் எதிர்தரப்பின் அளவுகோலை அவர் மறுக்கவில்லை. அதனைக் கையில் ஏற்று அவர்தம் செயல்கள்மீதே வைத்தளந்தார். கோல் அவர்களுடையது, அளக்கப்பட்டதும் அவர்களுடையது. மறுமொழி கூற இயலாத நிலை இவ்வாறே பிறந்தது.

இதனை வெறும் சொற்சாதுரியமாகக் கொண்டு மகிழ்ந்தமைவோர் பலர். ஆனால் அண்ணா அவ்வளவில் நின்றாரல்லர். தொன்மையான பெயரொன்று கோடிக்கணக்கான மக்கள் உள்ளத்தில் பதிவது ஒரு பேறு. சிறிதளவு தொல்லைக்கு அது போதிய ஈடு அன்றோ என்று தம் பக்கத்து விடையையும் கூறினார். நன்னூலார் கூறும் மற்றொரு மதமாகிய, தான் ஒன்றனை நாட்டி அதனை நிலைநிறுத்துதல் இதுவாகும். களைதல் மட்டும் செய்து நாட்டாது போயிருப்பின், அவ்வுரை அன்றைய நகைப்போடு முடிந்திருக்கும்.

இவ்வாதத்தில் ஒரு நெகிழ்ச்சி இல்லாமல் இல்லை. லோக் சபா, இராஜ்ய சபா என்னும் பெயர்கள் 1954இல் வழக்கிற்கு வந்தவை. அவற்றிற்காக அரசியலமைப்பு திருத்தப்படவில்லை. அதன் ஆங்கில வாசகத்தில் பழைய பெயர்களே இன்றும் உள்ளன. எனவே, வழக்கிற் பெயரிடுதல் வேறு, சட்டத்திற் பெயர் மாற்றுதல் வேறு என எதிர்தரப்பார் விடுத்திருக்கலாம். விடுப்பினும் அண்ணாவின் வாதம் முற்றும் வீழ்ந்துவிடாது. பெயரால் வரும் உளநிறைவு பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு அப்பெயர்கள் சான்றாகவே நிற்கும்.

இனித் தமிழ் மாணாக்கர் ஊன்றி நோக்கவேண்டிய பகுதிக்கு வருகின்றோம். தமிழ்நாடு என்னும் பெயர் பண்டை இலக்கியத்தில் எங்குள்ளது என்று கேட்கப்பட்டபோது, அண்ணா பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் நான்கு நூல்களைச் சுட்டினார். பாராளுமன்றச் சட்ட விவாதமொன்றில் சங்க நூல்கள் ஆவணச் சான்றாக வைக்கப்பட்ட அரிய நிகழ்ச்சி இது. புகழ்ந்து செல்வது எளிது. சான்றை ஆராய்தலே நம் கடன்.

தமிழ்நாடு என்னும் அச்சொல் வடிவமே பரிபாடல் திரட்டில் மதுரையைப் புகழும் சிறு பகுதியொன்றில் உள்ளது. சிலப்பதிகாரத்தில் காட்சிக்காதையில், செங்குட்டுவனை நோக்கி வில்லவன் கோதை கூறும் பகுதியில் உள்ளது. மற்றை இரு நூல்களிலும் யாம் சுட்டும் இடங்களில் உள்ள வடிவம் தமிழகம் என்பது. பதிற்றுப்பத்தில் இரண்டாம் பத்தின் பதிகத்திலும், மணிமேகலையில் உலகவறவி புக்க காதையிலும் அது வருகின்றது. பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பதும் அறிஞர் பலர்க்கு உடன்பாடு. தொன்மையே கருத்தாயின், பிட்டங்கொற்றனைப் பாடிய புறநானூற்று 168ஆம் பாட்டைக் காட்டியிருத்தல் இன்னும் வலிவுடையதாகும். அங்கும் சொல் தமிழகமே.

ஆகவே நான்கனுள் இரண்டு சொற்சான்று, இரண்டு பொருட்சான்று. தமிழ் பேசும் நிலப்பகுதி மொழியாற் பெயர்பெற்று ஒன்றாகக் கருதப்பட்டது என்பதற்கு நான்கும் ஒருங்கே துணைபுரிகின்றன. இப்பெயர்தான் வேண்டும் என்பதற்கு இரண்டே துணை. இடைமறித்து எழுந்த வினாவிற்கு நின்ற நிலையில் அளித்த விடையில் இவ்வேறுபாட்டை எதிர்பார்த்தல் முறையாகாது. ஆயினும் அவ்விடையை இன்று மேற்கோளாக எழுதும் ஆய்வாளர் நான்கு நூலிலும் தமிழ்நாடு என்ற சொல் உண்டு என எழுதிவிடுதல் பிழையாகும். மற்றொன்றும் கூறுவோம். காட்சிக்காதையில் அச்சொல், செங்குட்டுவன் வடதிசை செல்லுமுன், கடல்சூழ் நிலத்தையே தமிழ்நாடு ஆக்க எண்ணினும் எதிர்ப்போர் இலர் என்னும் கருத்தில் வருகின்றது. எல்லை வகுக்கும் பெயராக அன்றி எல்லை கடக்கும் பெயராகவே அது அங்கு நிற்கின்றது. சிலப்பதிகாரம் நன்கு கற்ற ஒருவர் எதிர்வரிசையில் அமர்ந்திருந்தால் விவாதம் இன்னும் சுவைபட்டிருக்கும்!

நடையைப் பற்றிச் சில. மேடைத் தமிழில் அண்ணாவிற்குப் புகழ் தந்த எதுகை மோனையும் அடுக்குத் தொடரும் இவ்வுரையில் இல்லை. அவற்றை நீக்கியபின் எஞ்சுவது வினாக்களால் இயலும் வாதம். இதே ஆண்டில் வந்த ஆட்சிமொழிச் சட்ட விவாதத்திலும், ஆங்கிலம் தொடர்ந்து வழங்கலாம் என்னும் பொருளுடைய ‘மே’ என்ற துணைவினை போதாது, வழங்கவேண்டும் என்னும் உறுதிதரும் ‘ஷல்’ இடப்பெறவேண்டும் என்று வாதிட்டோருள் அவரும் ஒருவர். ஒரு துணைவினையின் ஆற்றல் கோடி மக்களின் வாழ்வைத் தொடும் என உணர்ந்தவர் இலக்கணம் அறிந்தவரே.

பூபேஷ் குப்தாவின் முன்வடிவு தோற்றது. 1967இல் அண்ணா முதலமைச்சரானபின், அவ்வாண்டு சூலை 18ஆம் நாள் சென்னைச் சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானம் நிறைவேற்றியது; 1968இல் பாராளுமன்றம் சட்டம் இயற்ற, 1969 சனவரி 14ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3ஆம் நாள் அண்ணா மறைந்தார். 1963இல் ஆங்கில வழக்கில் ‘தமிழ்நாட்’ என ஈற்றுக் குற்றியலுகரம் இழந்து நின்ற சொல், சட்டத்தில் அவ்வுகரத்தோடு தமிழ்நாடு என்றே எழுதப்பெற்றது என்பது இலக்கண மாணாக்கர் கருதத்தக்கது.

இவ்வுரையைத் தமிழாக்குவோர்க்கு ஒரு வேண்டுகோள். மூலத்தில் இல்லாத மோனையை இட்டு மேடை நடையாக்கற்க. வினாவிலும் விடையிலும் மீண்டும் மீண்டும் வரும் ‘கெயின்’ என்னும் சொல்லைப் பயன் என்றும் பேறு என்றும் நன்மை என்றும் இடந்தோறும் மாற்றிப் பெயர்த்தால், எதிரியின் சொல்லையே எடுத்தாண்ட திறம் மறைந்துவிடும். வணிகச் சாயலுடைய ஆதாயம் என்னும் ஒரு சொல்லையே முழுவதும் ஆளுதல் பொருந்தும் என எண்ணுகின்றோம்; வினவியவர் கருதிய பொருளும், அண்ணா அதற்கு ஏற்றித் தந்த பொருளும் அவ்வொரு சொல்லிலேயே அடங்கும்.