காரீயத்தில் வேர்விட்ட பூ

சூரியகாந்தி மஞ்சளாக இருக்கும்வரை ஜெர்மன் ஓவியர் ஆன்செல்ம் கீஃபருக்கு அவசரமில்லை. இதழ்கள் சுருண்டு உதிர வேண்டும், தண்டு விறைக்க வேண்டும், தட்டு நிறைய விதை முற்றிக் கருக்க வேண்டும். பாரம் தாங்காமல் பூவின் தலை தரையைப் பார்க்கத் தொடங்கும்போதுதான் அவர் கைவைக்கிறார்.

மஞ்சளை அறியாதவர் அல்லர். 1963இல், பதினெட்டு வயதில், பரிசாகக் கிடைத்த பயணத்தொகையை வைத்துக்கொண்டு வான்கோ வாழ்ந்த இடங்களைத் தேடி நெதர்லாந்திலிருந்து தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரம்வரை போனவர். பின்னாளில் அதே தெற்கு பிரான்சில், பர்ஜாக் என்ற ஊரருகே ஒரு பழைய பட்டு ஆலையை வாங்கிப் பட்டறையாக்கி, ஆளுயரத்துக்கு மேல் சூரியகாந்தி வளர்த்தார். பூ ஒன்றே. வான்கோ கண்டது அதன் வெயிலை. கீஃபர் காண்பது அதன் இரவை.

1995இல் அவர் செய்த ‘சோல் இன்விக்டுஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘வெல்லற்கரிய சூரியன்’ என்று பொருள். ரோமானியர்களின் சூரிய தேவனுக்கு வழங்கிய பெயர். சாக்குத்துணியில் நெடிதுயர்ந்த படம். அடியில் ஒரு மனிதன் மல்லாந்து கிடக்கிறான். யோகம் பழகியவர்கள் அதைச் சவாசனம் என்றே சொல்வார்கள். அவன்மேல் ஒற்றைச் சூரியகாந்தி கவிந்து நிற்கிறது. அதிலிருந்து விதைகள் கொட்டுகின்றன. வரைந்த விதைகள் அல்ல, நிஜ விதைகள். வெல்லற்கரியவன் என்று பெயர் சூட்டிவிட்டு, கருகிக் குனிந்த பூவைக் காட்டும் துணிச்சலை முதலில் ரசிக்க வேண்டும். அடுத்து அந்த விதைகளை. வெளிர்நிறப் பரப்பில் கரும்புள்ளிகள். சற்று விலகிப் பார்த்தால் அது விண்மீன் நிறைந்த வானம். வெளிச்சமும் இருட்டும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. கிடப்பவன் செத்தவனா, விதைப்புக்குக் காத்திருக்கும் நிலமா என்று படம் சொல்வதில்லை. நான் நிலம் என்றே கொள்கிறேன்.

விதைக்கும் விண்மீனுக்கும் முடிச்சுப் போட்டது கீஃபரின் சொந்தக் கற்பனை அல்ல. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆங்கில மருத்துவர், ரசவாதத்தில் தோய்ந்தவர், ராபர்ட் ஃப்ளட். மண்ணில் உள்ள ஒவ்வொரு செடிக்கும் வானத்தில் ஒரு விண்மீன் உண்டு என்பது அவர் நம்பிக்கை. கீஃபர் அவர் பெயரைச் சொல்லியே பல படைப்புகள் செய்திருக்கிறார். கீஃபரின் வான்படங்கள் சிலவற்றில் விண்மீன்களின் பக்கத்தில் நாசா பாணியிலான நீண்ட எண்கள் எழுதப்பட்டிருக்கும். புராணத்து வானமும் பட்டியல் போட்ட வானமும் ஒரே துணியில் சண்டையில்லாமல் கிடக்கின்றன. எண்ணை வாசிக்கக் கிட்டே போனால் விண்மீன் வெறும் வெள்ளைச் சொட்டாகிவிடுகிறது. விண்மீனைப் பார்க்கப் பின்வாங்கினால் எண் மறைகிறது.

இனி காரீயம். கொலோன் பேராலயத்தின் கூரையைப் புதுப்பித்தபோது இறக்கிய பழைய காரீயத்தில் ஒரு பங்கை 1980களில் கீஃபர் வாங்கினார். அன்றிலிருந்து அந்த உலோகம் அவரை விடவில்லை. 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆறினால் நகத்தால் கீறலாம். உருக்கித் துணியில் ஊற்றுவார். அது தன் போக்கில் ஓடி, உறைந்து, சாம்பல் தோல் போர்த்துக்கொள்ளும். சில இடங்களில் உரிப்பார். அடியில் இருந்த வண்ணமும் கூடவே பிய்ந்துவரும். தகட்டை மடித்துப் புத்தகங்களும் செய்தார். 1985 முதல் 1989 வரை உருவான ‘இரு நதிகளின் நாடு’ என்ற படைப்பில் சுமார் இருநூறு காரீயப் புத்தகங்கள் இரும்பு அலமாரிகளில் நிற்கின்றன. ஒற்றை ஆளால் புரட்ட முடியாத பக்கங்கள். உள்ளே புகைப்படங்கள், பட்டாணி, தலைமுடி. படிப்பதற்கு இல்லை, இருப்பதற்கு.

ஐரோப்பிய ரசவாதிகளுக்குக் காரீயம் சனியின் உலோகம். மட்டமான உலோகத்திலிருந்து பொன் பிறக்கும் என்பது அவர்கள் கனவு. கீஃபர் பொன்னுக்கு அவசரப்படுவதில்லை. படங்களை வெயிலிலும் மழையிலும் கிடத்துகிறார், மின்பகுப்புத் தொட்டியில் இட்டுப் பச்சைக்களிம்பு ஏற்றுகிறார், வைக்கோல் ஒட்டிய பரப்பில் நெருப்பைப் பீய்ச்சுகிறார். விம் வெண்டர்ஸ் 2023இல் எடுத்த ‘ஆன்செல்ம்’ ஆவணப்படத்தில் இந்தத் தீயைக் காணலாம். பொருளுக்கு வயதேற்றுவதுதான் அவருடைய ரசவாதம்.

ரசவாதிகள் மாதக்கணக்கில் ஒரே சூட்டைக் காக்கும் உலையை அத்தனோர் என்றார்கள். அந்தப் பெயரில் கீஃபர் 1980களிலேயே படம் செய்திருக்கிறார், எரிந்த கட்டடத்தின் உருவில். 1945 மார்ச்சில், குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில், டோனௌஎஷிங்கனில் பிறந்து இடிபாட்டுச் செங்கற்களை வைத்து விளையாடி வளர்ந்த ஜெர்மானியர் ‘உலை’ என்று எழுதும்போது, வேறு உலைகளின் புகையும் சேர்ந்தே எழும். அதை அவர் மறைப்பதில்லை.

2007இல் பாரிசின் லூவர் அருங்காட்சியகம் ஒரு படிக்கட்டுப் பகுதியில் நிரந்தரமாக வைக்கப் படைப்புகள் கேட்டது. 1953இல் ஜார்ஜ் பிராக்குக்குப் பிறகு வாழும் ஓவியர் எவருக்கும் அதுவரை அங்கே அப்படி இடம் கிடைத்திருக்கவில்லை. கீஃபர் வைத்த பெரும் ஓவியத்துக்கும் அத்தனோர் என்றே பெயர். தரையில் மனிதன், மேலே விண்மீன்கள், நடுவே உலோக அடுக்குகள். கம்பீரம்தான். ஆனால் மண்ணிலிருந்து பொன்னுக்கு ஏறும் படிகளை வரிசையாகச் சொல்லிக்காட்டும் கம்பீரம். அளவைக் கூட்டினால் ஆழமும் கூடும் என்று கீஃபர் சில சமயம் நம்பிவிடுகிறார்.

அதே படிக்கட்டில் ‘தனாயே’ என்ற சிற்பம் இருக்கிறது. கிரேக்கக் கதையில் தனாயே தகப்பனால் சிறைவைக்கப்பட்ட பெண். சீயஸ் பொன்மழையாக இறங்கி அவளிடம் வந்தான், பெர்சியஸ் பிறந்தான். டிட்சியானோ முதல் கிளிம்ட் வரை வரைந்தவர்கள் எல்லோரும் அவள் உடலையே வரைந்தார்கள். கீஃபரிடம் பெண்ணே இல்லை. காரீயப் புத்தகங்களின் அடுக்கு, அதிலிருந்து எழும் ஒரு சூரியகாந்தி, விதைகளில் சிலவற்றுக்கு மட்டும் பொன். கதையில் பொன் வானத்திலிருந்து வந்தது. இங்கே அது காரீயத்தில் வேர்விட்டு, தண்டில் ஏறி, பூவில் முற்றுகிறது. சீயஸுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. எல்லா விதைகளும் பொன்னாகியிருந்தால் நகைக்கடைச் சரக்காகியிருக்கும். சில மட்டும் என்பதில்தான் கலைஞனின் கை தெரிகிறது. பெரிய ஓவியம் விளக்கிச் சொல்வதை இந்தச் சின்னச் சிற்பம் வாய் திறக்காமல் செய்துவிடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரமுண்டு என்றால் நான் தனாயேயின் பக்கம்தான் போவேன்.