உள்நாட்டுத் தொழில் என்றால் யார்?

மலிவான இறக்குமதியைத் தடுக்கலாமா கூடாதா என்ற விவாதம் நம்மூரில் ஒரே பாதையில்தான் ஓடும். ஒருத்தர் 'சீனாக்காரன் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுறான்' என்பார். இன்னொருத்தர் 'விலை குறைஞ்சா நமக்குத்தானே லாபம்' என்பார். இரண்டு பேருமே சட்டத்தைப் படித்திருக்க மாட்டார்கள். சில வாரங்களாக 1995-ஆம் ஆண்டு ஆன்டி-டம்பிங் விதிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'பொருள் குவிப்புத் தடுப்பு வரி' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ஈரோட்டிலோ திருப்பூரிலோ அப்படிச் சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது, ஆகவே ஆன்டி-டம்பிங் என்றே வைத்துக்கொள்வோம்.

படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: இந்தச் சட்டம் யாரைக் காப்பாற்றும், யாரைக் காப்பாற்றாது என்பது விசாரணையில் முடிவாவதில்லை. வரையறைப் பகுதியிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம். மேலே ஒரு வேரியபிளுக்கு என்ன அர்த்தம் கொடுத்தோமோ, கீழே ஆயிரம் வரி எழுதினாலும் அதே அர்த்தம்தான் ஓடும்.

முதலில் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1975-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் டாரிஃப் சட்டத்தில் 8பி, 9, 9ஏ என்று மூன்று பிரிவுகள். திடீரென இறக்குமதி வெள்ளமாக வந்தால் 8பி. வெளிநாட்டு அரசு மானியம் கொடுத்து மலிவாக்கினால் 9. வெளிநாட்டு நிறுவனம் தன் ஊரில் விற்கும் விலையைவிடக் குறைத்து நமக்கு அனுப்பினால் 9ஏ. அதிகம் பயன்படுவது கடைசிப் பிரிவுதான். உலகில் முதன்முதலில் இப்படி ஒரு சட்டம் போட்டது கனடா, 1904-இல். 1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்த பிறகு அதிகமான ஆன்டி-டம்பிங் விசாரணைகளைத் தொடங்கிய நாடு இந்தியா.

கணக்கு எளிது. நானே போட்ட எண்களை வைத்துச் சொல்கிறேன். வெளிநாட்டு ஆலை ஒன்று தன் நாட்டில் கிலோ 150 ரூபாய்க்கு விற்கிறது, நமக்கு 120-க்கு அனுப்புகிறது. வித்தியாசம் 30. இது டம்பிங் அளவு. அடுத்து, நம் ஆலைக்குப் பாதிப்பில்லாத விலை எவ்வளவு என்று அதிகாரிகள் கணக்கிடுகிறார்கள். அது 140 என்றும், இறக்குமதிச் சரக்கு இங்கே வந்து இறங்கும் விலை 125 என்றும் வைத்தால் வித்தியாசம் 15. இது பாதிப்பின் அளவு. இரண்டில் எது குறைவோ அதுவே வரி, அதாவது 15. நியாயமான ஏற்பாடு. எல்லா நாடுகளும் இப்படிக் குறைவானதை எடுப்பதில்லை.

ஆனால் அந்த 140 எப்படி வந்தது? நம் ஆலையின் செலவோடு, போட்ட முதலுக்கு நியாயமான வருமானமும் சேர்க்கப்படுகிறது. எவ்வளவு நியாயம் என்று விதியில் எண் இல்லை. நடைமுறையில் 22 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள். கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு விசைத்தறி ஓட்டும் ஒருவரிடம் போய், உங்கள் மூலப்பொருள் விற்பவருக்கு முதலீட்டில் 22 சதவீதம் கிடைக்காவிட்டால் அவர் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிப் பாருங்கள். அந்த 140 என்ற எண்ணையும் அவர் பார்க்க முடியாது, அது வணிக ரகசியம்.

சரி, வரையறைக்கு வருவோம். விதி 2(பி): உள்நாட்டுத் தொழில் என்பது, அந்தப் பொருளையோ அதற்கு நிகரான பொருளையோ இங்கே தயாரிப்பவர்கள். அவ்வளவுதான். அந்தப் பொருளை வாங்கி, அதிலிருந்து வேறொன்று செய்து பிழைப்பவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கலாம், லட்சம் பேருக்கு வேலை கொடுக்கலாம். ஆனாலும் இந்தச் சொல்லுக்குள் அவர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்கு விதி வைத்திருக்கும் பெயர் 'பயன்படுத்துவோர்'.

மனு கொடுக்கவும் கணக்கு உண்டு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் மனுவை ஆதரிக்க வேண்டும், ஆதரிப்பவர்களின் உற்பத்தி எதிர்ப்பவர்களின் உற்பத்தியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஜனநாயகம் மாதிரி இருக்கிறது இல்லையா? எதிர்ப்பு ஓட்டும் தயாரிப்பவரின் ஓட்டுதான் என்பதைக் கவனியுங்கள். நாட்டில் தயாரிப்பவர் ஒரே ஒருவர் என்றால், அவரே நூறு சதவீதம்.

இது கற்பனை இல்லை. விஸ்கோஸ் ஃபைபர் கதை இதுதான். மரக்கூழிலிருந்து எடுக்கும் பஞ்சு மாதிரியான இழை. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் 'ரேயான்' என்று சொல்லி நெய்யும் துணிக்கெல்லாம் இதுதான் மூலம். ஒரு காலத்தில் நம்ம சிறுமுகையிலேயே இதைத் தயாரித்தார்கள். பவானி ஆறு கெட்டுப்போனது, மக்கள் போராடினார்கள், ஆலை மூடப்பட்டது. (ஆலை போனதில் ஆற்றுக்கு நல்லது நடந்தது. அது தனிக் கட்டுரை.) இந்தியாவில் நெடுங்காலம் நூற்பாலைகளுக்கு இந்த இழையைத் தயாரித்துக் கொடுத்தது நடைமுறையில் ஒரே நிறுவனம், ஆதித்ய பிர்லா குழுமத்தின் கிராசிம்.

2010 ஜூலையில் சீனா, இந்தோனேசியாவிலிருந்து வரும் விஸ்கோஸ் இழைக்கு ஆன்டி-டம்பிங் வரி வந்தது. ஐந்து ஆண்டு முடிந்து, மறு ஆய்வு நடந்து, 2016-இல் நீட்டிக்கப்பட்டது. கடைசியில் 2021 ஆகஸ்டில்தான் போனது. மொத்தம் 11 ஆண்டுகள். இந்தக் காலம் முழுக்க 'பாதிக்கப்பட்ட உள்நாட்டுத் தொழில்' என்று அரசின் காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது அந்த ஒரே நிறுவனத்தைத்தான். அதே குழுமத்துக்கு இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் இதே இழையைத் தயாரிக்கும் ஆலைகள் உண்டு. ஏற்றுமதி செய்பவரோடு உறவுள்ள உள்நாட்டு உற்பத்தியாளரை வரையறையிலிருந்து விலக்க விதியில் இடம் இருக்கிறது. விலக்கியே ஆக வேண்டும் என்று இல்லை, 'விலக்கலாம்', அவ்வளவுதான்.

2020 மார்ச்சில், வரி இன்னும் அமலில் இருந்தபோதே, இந்தியப் போட்டி ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. நூற்பாலைகளுக்கு விஸ்கோஸ் இழை விற்கும் சந்தையில் கிராசிம் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, வாங்குபவருக்கு வாங்குபவர் விலையில் பாகுபாடு காட்டியது, நூல் உற்பத்தி விவரங்களைக் கொடுக்கச் சொல்லி ஆலைகளை நிர்ப்பந்தித்தது என்று சொல்லி 301.61 கோடி ரூபாய் அபராதம். நிறுவனம் அதை ஏற்காமல் மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது இதை மட்டும்தான்: ஒரே தலைநகரில், ஒரே காலத்தில், ஒரே நிறுவனத்தைப் பற்றி இரண்டு காகிதங்கள். ஒன்றில் அது இறக்குமதியால் அடிபட்ட தொழில். இன்னொன்றில் வாங்குபவர்களை அடிக்கும் அளவுக்கு வலுவுள்ள தொழில்.

முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சட்டப்படி முரண்பாடே இல்லை, அதுதான் சிக்கல். வெளியிலிருந்து வரும் விலையால் அடிபடுவதும் உள்ளே விலையை நிர்ணயிக்கும் வலு இருப்பதும் ஒருவருக்கே நேரலாம். ஆன்டி-டம்பிங் விசாரிப்பவர் உள்ளூர்ப் போட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வரியைப் பரிந்துரைக்க வேண்டும் என்று விதி எங்கேயும் சொல்லவில்லை. பத்துப் பேர் தயாரிக்கும் பொருளுக்கு வரி போட்டாலும், ஒரே ஒருவர் தயாரிக்கும் பொருளுக்கு வரி போட்டாலும் ஃபார்முலா ஒன்றுதான். முதலாவதில் வெளிக்கதவை மூடினால் உள்ளே ஒன்பது கதவு திறந்திருக்கும். இரண்டாவதில் வீட்டுக்கே ஒரே கதவு.

பயன்படுத்துவோருக்குப் பேச இடமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, விதி 6(5). அவர்களும் விசாரணையில் தகவல் தரலாம். எதைப் பற்றி? டம்பிங் நடந்ததா, உற்பத்தியாளருக்குப் பாதிப்பு வந்ததா, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற மூன்றைப் பற்றி. 'இந்த வரி வந்தால் என் மில் ஓடாது' என்பது இந்த மூன்றிலும் சேராது. அடுத்த வீட்டுப் பஞ்சாயத்துக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்ட மாதிரி. சமீப காலத்து அறிக்கைகளில் பயனாளர்களின் நலன் பற்றியும் ஒரு பகுதி சேர்க்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது நடைமுறை, விதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரி போடுவதற்கு முன் தயாரிப்பவர், பயன்படுத்துபவர், நுகர்வோர் எல்லாருடைய நலனையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

இங்கே அந்த எடைபோடும் வேலையைக் கடைசியில் நிதி அமைச்சகம் செய்கிறது. வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம் பரிந்துரைக்கும், நிதி அமைச்சகம் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். விசாரணைக்கு ஒரு வருஷம், ஆவணம், வாய்மொழி விசாரணை எல்லாம் உண்டு. யாருக்கு எவ்வளவு இழப்பு என்ற பெரிய கேள்வி வரும் இடத்தில் மட்டும் அந்த மாதிரி பொது விசாரணை கிடையாது. டெல்லிக்குப் போய்ப் பார்க்க ஆள் இருப்பவருக்கு அது சௌகரியம். பள்ளிபாளையத்தில் எட்டுத் தறி வைத்திருப்பவருக்கு?

இந்த வரியின் சுமை எல்லார் மேலும் சமமாகவும் விழவில்லை. ஏற்றுமதிக்காக அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் வைத்திருக்கும் ஆலை, ஆன்டி-டம்பிங் வரி கட்டாமலே வெளிநாட்டு இழையைக் கொண்டுவரலாம். உள்ளூர்த் தறிக்கு நூல் விற்கும் சின்ன ஆலைக்கு அந்த வழி இல்லை. வெளிநாட்டு ஆலை அதே இழையை நூலாக நூற்று அனுப்பினாலோ, இழைக்கான வரி அதற்குப் பொருந்தாது. இழையைக் காப்பாற்றப் போட்ட வேலி நூற்பாலையை வெளியே தள்ளிவிட்டது.

அடுத்து நடந்ததைப் பார்த்தால் நூற்பாலைகளை மட்டும் பாவம் என்று சொல்லவும் முடியாது. 2020-இல் விஸ்கோஸ் நூலுக்கும் ஒரு ஆன்டி-டம்பிங் விசாரணை தொடங்கியது. இந்தத் தடவை மனு போட்டது நூல் தயாரிப்பவர்கள் தரப்பு, எதிர்த்தது நெசவுத் தரப்பு. இழை வழக்கில் 'பயன்படுத்துவோர்' என்று ஓரமாக நின்றவர்கள், நூல் வழக்கில் 'உள்நாட்டுத் தொழில்' ஆகிவிட்டார்கள். விதி 2(பி) அவர்களுக்கும் அதே கதவைத் திறந்தது. ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சட்டம் அப்படித்தான் வரிசையில் நிறுத்துகிறது.

அதற்காக இந்தச் சட்டமே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். பென்சிலின்-ஜி விஷயம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரு காலத்தில் நாமே தயாரித்தது. சீன விலையோடு மோத முடியாமல் இங்கிருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக நிறுத்தின. ஆன்டிபயாடிக்கின் அடிப்படைப் பொருளுக்கே வெளிநாட்டை எதிர்பார்க்கும் நிலை வந்தது. 2020-க்குப் பிறகு ஊக்கத்தொகை கொடுத்துத் திரும்பத் தொடங்க வைக்க வேண்டியிருந்தது. மூடிய ஆலையைத் திறக்கும் செலவு, மூடாமல் காப்பாற்றும் செலவைவிடப் பல மடங்கு. ஆனால் பென்சிலினுக்குச் சொல்லும் நியாயத்தை அப்படியே விஸ்கோஸுக்கும் ஒட்ட முடியாது. ஒன்றில் தொழிலே காணாமல் போனது. மற்றதில் தொழில் திடமாக நின்றது, வாங்குபவர்தான் திணறினார். இந்த வித்தியாசத்தைப் பார்க்கும் கண் விதியில் இல்லை.

2021-இல் இழை மீதான வரி போனதும் கதை முடிந்ததா என்றால், இல்லை. 2022 கடைசியில் இந்தோனேசிய இழைக்கு மறுபடியும் வரி போட இயக்குநரகம் பரிந்துரைத்தது. அந்த வரி வரவில்லை. ஆனால் அதே சமயத்தில் ஜவுளி அமைச்சகத்தின் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2023 மார்ச் இறுதியிலிருந்து பிஐஎஸ் சான்று இல்லாத விஸ்கோஸ் இழை நாட்டுக்குள் வரக்கூடாது. வெளிநாட்டு ஆலை சான்று வாங்கும்வரை அந்த இழைக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. ஆன்டி-டம்பிங்கிலாவது பாதிப்பைக் கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். இதில் அதுகூட வேண்டியதில்லை. 2025 நவம்பரில் அந்த ஆணையும் திரும்பப் பெறப்பட்டது.

என்னைக் கேட்டால் திருத்த வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. விதி 6(5)-இல் இருக்கும் மூன்று விஷயங்களோடு, வரி வந்தால் பயன்படுத்துவோருக்கு என்ன ஆகும் என்பதை நான்காவதாகச் சேர்க்கலாம். மனுதாரர் அந்தப் பொருளின் ஒரே உற்பத்தியாளர் என்றால், போட்டி ஆணையத்தின் கருத்தைக் கேட்டு அறிக்கையோடு வெளியிட வேண்டும் என்று ஒரு வரி. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், நாடாளுமன்றத்தில் மசோதா வேண்டாம், மத்திய அரசு ஓர் அறிவிக்கையில் விதியைத் திருத்திவிடலாம். 1995-க்குப் பிறகு இந்த விதிகளைப் பல முறை திருத்தியிருக்கிறார்கள்.