கையெழுத்துக்கும் விமானத்துக்கும் நடுவே

சென்ற மார்கழியில் ஒரு காலை, சங்கரன்கோவிலில் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு தம்பி வந்தார். எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட்., வயது 31. தனியார் பள்ளி ஒன்றில் மாதம் 16,000 ரூபாய்க்கு மேல்நிலை வகுப்பெடுப்பவர். ஓர் ஏஜென்சி மூலம் மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளிக்குத் தேர்வாகி, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்ப இன்னும் 22 நாள். இதற்கிடையில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் பட்டியலில் அவர் எண் வந்துவிட்டது. மாலத்தீவிலிருந்து விலக நினைக்கிறார்.

“வேலையிலயே சேரல அண்ணாச்சி. அதுக்குள்ள ரெண்டு லட்சம் கட்டணும்ங்காவ. இது நியாயமா?”

ஏஜென்சி கேட்பது நியாயமா என்பதுதான் அவர் கேள்வி. அவர் பின்வாங்குவது நியாயமா என்பதை அவர் கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், இப்படி ஒரு பேச்சு வந்தால் பாதிப் பேர் “சொன்ன சொல் என்ன ஆச்சு” என்கிறார்கள், மீதிப் பேர் “அரசு வேலையை எவனாவது விடுவானா” என்கிறார்கள். இரண்டு தரப்பும் அதோடு எழுந்து போய்விடுகிறது.

நம் ஆசிரியர்கள் கடல் தாண்டுவது புதிதில்லை. ஹைலே செலாசி காலத்து எத்தியோப்பியாவுக்கும், எண்ணெய்ப் பணம் புரண்ட எழுபதுகளின் நைஜீரியாவுக்கும் தென்னாட்டிலிருந்து வாத்தியார்கள் போனார்கள். பிறகு மாலத்தீவு. தூத்துக்குடியிலிருந்து தோணியில் காய்கறி போகிற ஊர் அது. இங்கிருந்து சென்னை போக பொதிகை ரயிலில் ஓர் இரவு படுத்து எழ வேண்டும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் மாலே அதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். அந்த நெருக்கம்தான் கையெழுத்தை லேசாக்கிவிடுகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். எத்தியோப்பியாவுக்குப் போனவர் பத்து முறை யோசித்திருப்பார். மாலேவுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தியில் சரி என்கிறோம்.

தம்பி பையிலிருந்து காகிதங்களை எடுத்து வைத்தார். பள்ளியின் ஒப்பந்தம் நான்கு பக்கம்: பாடம், சம்பளம், தங்குமிடம், விடுப்பு, யார் விலகினாலும் தர வேண்டிய முன்னறிவிப்பு. அதில் அபராதம் என்ற பேச்சே இல்லை. இரண்டாவது, ஏஜென்சியோடு 100 ரூபாய் பத்திரத்தில் போட்ட உடன்படிக்கை. எல்லாம் தட்டச்சு, ஓர் இடத்தில் மட்டும் கோடிட்டு விட்டிருந்த காலியிடத்தில் நீல மையில் ‘2,00,000’ என்று எழுதியிருந்தது. மூன்றாவதாக அவர் போனில் ஒரு படம் காட்டினார். தொகையும் தேதியும் இல்லாமல் அவர் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை.

“இந்த ரெண்டு லட்சம் நீங்க கையெழுத்துப் போடும்போதே இருந்ததா?”

“கவனிக்கல அண்ணாச்சி.”

பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் அலகு விட்டுப்போனால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவர் சொன்ன பதில் இது.

முதலில், “வேலையிலேயே சேரவில்லையே” என்ற வாதத்தைப் பார்ப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, சட்டத்தில் செல்லாது. செல்லாது என்று தீர்ந்து 170 ஆண்டுக்கு மேலாகிறது. 1852 ஏப்ரலில் லண்டனில் டி லா டூர் என்பவர், ஐரோப்பியப் பயணத்தில் கூடவே வந்து காரியம் பார்க்க ஹாக்ஸ்டர் என்பவரை அமர்த்தினார். ஜூன் 1-ஆம் தேதி வேலை தொடங்க வேண்டும். மே 11-ஆம் தேதி, நீர் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஹாக்ஸ்டர் ஜூன் வரை காத்திருக்காமல் மே மாதமே வழக்குத் தொடுத்தார். நாளே வராதபோது மீறல் எங்கிருந்து வந்தது என்பது டி லா டூர் தரப்பின் கேள்வி. நம் தம்பியின் கேள்வியும் அதுவே. மறுத்த அன்றே ஒப்பந்தம் முறிந்தது, அன்றே வழக்குப் போடலாம் என்று 1853-இல் தீர்ப்பானது. நம்முடைய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவிலும் இதே கருத்துதான் இருக்கிறது.

ஆக, சேரும் முன் விலகுவதும் முறிப்புதான். முறித்தால் என்ன ஆகும்? போய்ப் பாடம் நடத்து என்று எந்த நீதிமன்றமும் ஒருவரை விமானத்தில் ஏற்றிவிடாது. ஆளின் தனித் திறமையைச் சார்ந்த வேலையை ஆணை போட்டுச் செய்விக்க முடியாது என்பதை 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதே 1852-இல், அதே லண்டனில், யோஹன்னா வாக்னர் என்ற பாடகி ஓர் அரங்கில் பாட ஒப்புக்கொண்டு, கூடுதல் பணம் தருகிறேன் என்ற போட்டி அரங்கின் பக்கம் சாய்ந்தார். வேறிடத்தில் பாடாதே என்று தடுக்க முடிந்தது. ஒப்புக்கொண்ட இடத்தில் பாடு என்று நீதிமன்றத்தால் சொல்ல முடியவில்லை. மிஞ்சுவது நட்டஈடுதான். அதற்கும் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின் விளக்கம் ஒரு வரம்பு வைக்கிறது: நட்டத்தைக் கணக்கிடும்போது, அதைச் சரிக்கட்ட மறுதரப்புக்கு என்ன வழி இருந்தது என்றும் பார்க்க வேண்டும். இந்த விளக்கத்துக்குப் பிறகு திரும்ப வருகிறேன். என் தீர்ப்பு அதில்தான் இருக்கிறது.

இப்போது அந்த நீல மை. 74-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதனால் அபராதமெல்லாம் சும்மா என்று தம்பிக்கு நான் தைரியம் சொல்லியிருக்கலாம். ஆனால் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை அதே உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தொகைகூட அச்சாக அதே தொகை! ஏஜென்சிக்காரர் இதைக் காட்டினால் நாம் என்ன சொல்வது? அங்கே கேட்டது, திறந்த போட்டி நடத்தி ஆளெடுத்தாக வேண்டிய பொதுத்துறை வங்கி. மறுபடி ஆளெடுக்கும் செலவு கண்ணுக்குத் தெரிகிற செலவு. இங்கே கேட்பவர் இடைத்தரகர். பதிவுபெற்ற ஆளெடுப்பு முகவர் ஒருவரிடம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது என்பது குடிபெயர்வு விதி. ஆள் போனாலே அவ்வளவுதான் வாங்கலாம் என்னும்போது, போகாததற்கு 2 லட்சம் நட்டம் என்றால் அதை நிரூபிக்கும் சுமை லேசானதில்லை. டிக்கெட், விசா, சான்றிதழ் சரிபார்ப்பு இவற்றுக்கு ரசீதோடு கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மற்றதெல்லாம் மிரட்டல். போலீஸ், பாஸ்போர்ட் முடக்கம் என்பதும் அப்படியே. இது உரிமையியல் விவகாரம். பாஸ்போர்ட்டோ மத்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, அதை முடக்கிவைக்க ஏஜென்சிக்கு எந்த உரிமையும் கிடையாது. வெற்றுக் காசோலை மட்டும் நிஜமான ஆபத்து. கையெழுத்திட்ட காசோலையை வைத்திருப்பவர் நிரப்பிக்கொள்ளலாம், கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு காசோலை கொடுத்தவர் தலையில் விழும் என்பதுதான் நீதிமன்றங்களின் போக்கு. ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்பச் சொன்னேன்: இது பிணையாகத் தந்தது, எந்தக் கடனும் இல்லை, திருப்பி அனுப்பவும். (பதிவுத் தபால் 2025 செப்டம்பரோடு ஸ்பீடு போஸ்ட்டில் கலந்துவிட்டது, ‘பதிவுத் தபால் அனுப்பினேன்’ என்று சொல்வதில் இருந்த கெத்து போய்விட்டது.)

ஏஜென்சி கேட்பது நியாயமா என்ற கேள்வி இதோடு முடிகிறது. நியாயமில்லை.

அடுத்த கேள்வியை நான் வேறு நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆறாண்டு தலைமையாசிரியராக இருந்தவன் நான். ஓராண்டு ஜூன் முதல் வாரம் வேதியியலுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர் வரவில்லை. கூப்பிட்டால் போன் அணைத்து வைத்திருந்தது. இன்று வருவார் நாளை வருவார் என்று பன்னிரண்டு நாள் பார்த்தேன். பிளஸ் டூ பிள்ளைகள் ஆய்வகத்தில் ப்யூரெட்டைக் கழுவிக் கழுவி வைத்தார்கள். அவர் வேறு வேலைக்குப் போனதில் எனக்கு இன்றுவரை கோபமில்லை. இரண்டாவதாகத் தேர்வான அம்மா பன்னிரண்டு நாளுக்குள் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டார், அதுதான் கோபம். அப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தைப் பிடித்து, புளியங்குடியிலிருந்து ஒருவரைப் பஸ்ஸில் வரவழைத்தேன். கடல் நடுவே ஒரு தீவுப் பள்ளிக்கு அப்படிப் பஸ்ஸில் வந்து இறங்க ஆள் ஏது? விளம்பரம், நேர்காணல், விசா என்று எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

எங்கள் ஊர் விசைத்தறிக்காரர்களிடம் இதற்கு ஒரு வழக்கம் கேட்டிருக்கிறேன். முன்பணம் வாங்கியவர் வேறு பட்டறைக்குப் போக நினைத்தால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். சண்டை இருக்கும், வசவு இருக்கும், ஆனால் போகலாம். தறியில் பாவு ஏற்றிவிட்டால் மட்டும், “பாவு முடியட்டும்லே” என்பார் முதலாளி. அந்த முன்பணமே பலரைக் கட்டிப்போடும் கயிறு என்பதையும் நான் மறக்கவில்லை. அதை நல்ல ஏற்பாடு என்று புகழ வரவில்லை. ஆனால் பாவுக்கு முன், பாவுக்குப் பின் என்று அவர்கள் பார்க்கிற இடம் சரியான இடம். தம்பி விஷயத்தில் பாவு இன்னும் ஏறவில்லை.

“அவங்க மட்டும் நம்மள கழட்டிவிட மாட்டாங்களா?” என்றும் கேட்டார். கழற்றிவிடுவார்கள். ஸ்டீவன் சலைட்டா என்ற பேராசிரியர், அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்காக இருந்த வேலையை விட்டார். காஸா பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக 2014 ஆகஸ்டில், சேர இருந்த நேரத்தில், பல்கலைக்கழகம் கைவிரித்தது. 2015-இல் 8,75,000 டாலருக்கு வழக்கு சமரசமானது. அவருக்கு நடந்தது அநியாயம் என்று நமக்குத் தோன்றுகிறதல்லவா? அப்படியானால் ‘சேரும் முன்’ என்பது இரு பக்கமும் சாக்காகாது. வித்தியாசம் எடையில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கு ஓர் ஆசிரியர் போனால் ஒரு பாடம் தடுமாறும். ஓர் ஆசிரியருக்கு வேலை போனால் வீடே தடுமாறும். அதனால் நிறுவனத்தை நாம் கடுமையாகவும் ஆளைக் கொஞ்சம் தளர்வாகவும் அளப்பது தப்பில்லை.

காரணங்களையும் பார்க்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு பாடத்தையோ தீவையோ சம்பளத்தையோ பள்ளி மாற்றினால், விலகுபவரை யாரும் குறை சொல்ல முடியாது, முறித்தவர்கள் அவர்கள். வீட்டில் நோய் என்றால் அதைப் பேசவே வேண்டாம். வெறும் பயம் என்றால், போகாமலிருப்பதே பிள்ளைகளுக்கு நல்லது. கஷ்டமான காரணம் தம்பியுடையதுதான்: இதைவிட நல்லது கிடைத்துவிட்டது. 36,900-இல் தொடங்கி 1,16,600 வரை போகும் ஊதிய விகிதம், சொந்த மாவட்டம் கிடைக்கும் வாய்ப்பு. மாலத்தீவிலோ டாலர் தட்டுப்பாடு. ரூஃபியாவில் வாங்கும் சம்பளத்தை ஊருக்கு அனுப்ப வங்கிகள் வைக்கும் வரம்பைப் பற்றி அங்கிருக்கும் எல்லோரும் புலம்புகிறார்கள். 2013-இல் தகுதித் தேர்வில் தேறியவர்கள் பணி நியமனம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிய மாநிலத்தில், கைக்கு வந்த அரசு வேலையை வேண்டாமென்று சொல்லச் சொல்ல எனக்கு வாய் வராது. இந்தக் காரணம் போதும். இதில் தயக்கமில்லை.

பிறகு ஒன்று கேட்டேன். “பட்டியல் வந்து எத்தனை நாளாச்சு?”

“பதினோரு நாள்.”

“பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாச்சா?”

சொல்லவில்லை. சான்றிதழ் சரிபார்ப்பில் ஏதாவது சிக்கல் வந்தால் மாலத்தீவாவது இருக்கட்டும் என்று வைத்திருந்தாராம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். 73-ஆம் பிரிவின் விளக்கம் வந்து உட்காரும் இடம் இதுதான். மறுதரப்பு தன் நட்டத்தைச் சரிக்கட்ட வழி இருந்ததா? வழி இருந்தது, அதைப் பதினோரு நாள் அடைத்து வைத்தது இவர். 22 நாள் முன்பாகச் சொல்வதற்கும் 33 நாள் முன்பாகச் சொல்லியிருப்பதற்கும் நடுவில்தான் அந்தப் பள்ளியின் இரண்டாவது ஆள் கிடைப்பதோ கைநழுவுவதோ இருக்கிறது. சட்டமும் மனசாட்சியும் இவ்வளவு சரியாக ஒரே தேதியில் வந்து நிற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் தீர்ப்பை அவரிடம் அப்படியே சொன்னேன். விலகலாம். ரசீது உள்ள செலவைக் கட்டுங்கள், 2 லட்சத்தைக் கட்டாதீர்கள். பதினோரு நாள் மௌனம் உங்கள் தப்பு. அதற்குப் பள்ளியிடம் மன்னிப்புக் கேளுங்கள், ஏஜென்சியிடம் வேண்டாம். காரணத்தை மறைத்து அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதக் கூடாது. முகம் கொஞ்சம் வாடியது. அப்பாவைத்தான் எழுதுவதாக இருந்திருப்பார் போல.

திண்ணையிலேயே உட்கார்ந்து போனில் தட்டினார். மூன்று முறை அழித்து எழுதினார். மறுநாள் பள்ளி முதல்வரிடமிருந்து இரண்டு வரி பதில் வந்தது: தெரிவித்ததற்கு நன்றி, இயற்பியலுக்கு உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா? இரண்டு பெயர் அனுப்பினோம். டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் ஏஜென்சி ரசீது தந்தது, தம்பி பணம் கட்டிவிட்டார். காசோலை இதை எழுதும் நாள்வரை திரும்பி வரவில்லை.