சரணும் வியாகுலமும்

‘சரண்’ என்னும் சொல்லுக்கு இரு முகங்கள் உள. தோற்றவன் வென்றவன்முன் படைக்கலம் வைப்பதும் சரண். அன்பன் இறைவனடி சேர்வதும் சரண். திருகோணமலைத் துறைமுகம் இவ்விரண்டையும் அறியும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் அக்கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க சமயமும் தடைக்குள்ளாயிற்று.

அத்தடைக் காலத்திலேயே, கோவாவிலிருந்து 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (இறப்பு 1742) ‘வியாகுலப் பிரசங்கம்’ இயற்றினார். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் இந்நூல், ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. அரசின் துணையற்ற மக்களுக்கென எழுந்தமையின், இதன் சரணிற் கோட்டையின் நிழல் இல்லை.

எனினும், நூலின் பேராற்றலே அதன் இடருமாகும். ஒப்பாரியை ஒத்த புலம்பல் கேட்போரை உருக்குகின்றது. உருகியோர் அழுததே போதுமென அமைதலும் கூடும். ஒலிவத் தோட்டத்தில் இயேசு கலங்குகிறார். துன்பம் நீங்க வேண்டுகிறார். அதன் பின்னரே தந்தையின் சித்தத்துக்கு இசைகிறார். அவ்விசைவே சரணின் உயிர். கண்ணீர் அதற்கு வாயில் மட்டுமே.

ஆகவே, இதனை வெறும் வியாகுல நூலெனக் கொள்ளுதல் குறையுடைத்து. பிறரை அடிபணிவிக்கும் விருப்பைத் துறத்தலும் இறைவனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தலின் கூறேயாகும். அவ்வாறு கற்பின், கோட்டைக் கற்களின் அருகே வாழ்வோர்க்கு இந்நூல் தம் வரலாற்றை நோக்கியும் ஒரு வினா எழுப்பும்.