‘வீட்ல அக்கறையில்ல’ என்பவர்களுக்கு

ஆரணிப் பக்கம் தேவிகாபுரம் மாதிரியான பட்டு நெசவு ஊர்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிப்பில் சோர்ந்துபோனால், முதலில் காதில் விழுவது ‘வீட்ல கவனிக்கிறதில்ல’ என்பதுதான். எது கவனிப்பாம்? கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்ப்பது, பெற்றோர் கூட்டத்துக்கு வருவது, டியூஷன் வைப்பது. இது நடுத்தர வர்க்க வீட்டின் அளவுகோல். தறி வீட்டில் கூடத்தையே தறி பிடித்துக்கொள்கிறது. சாயங்காலம் தார் சுற்ற ஒரு கை குறைந்தால் சேலை தள்ளிப்போகும், கூலியும் தள்ளிப்போகும். தறியும் இல்லாத சேரி வீட்டில், அம்மா களையெடுத்துவிட்டுத் திரும்பும்போதே இருட்டிவிடும். கூட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு.

இந்த இடத்திலிருந்து பாமாவின் ‘கருக்கு’ (1992) நூலைத் திரும்ப வாசிக்க வேண்டும். அப்பா பட்டாளத்தில், வீட்டுப் பெண்கள் காட்டு வேலையில். அப்படியும் அந்தச் சிறுமிக்குப் படிக்கிற வேகம் எங்கிருந்து வந்தது? ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் நாயக்கரிடம் கொடுக்கிறார். அந்தக் கூத்தைச் சிரித்துக்கொண்டே அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை, தீட்டு என்றால் என்னவென்று விளக்குகிறார். பிறகொரு சமயம், நல்லாப் படிச்சா இந்த இழிவைத் தூக்கியெறியலாம் என்கிறார். வெறியோடு படித்து வகுப்பில் முதலாவதாக வருகிறாள். அந்த அண்ணன்தான் விமர்சகர் ராஜ் கௌதமன். கணக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல, சாதியைச் சாதி என்று சொன்னதுதான் அங்கே வீட்டுக் கவனிப்பு. பிள்ளை மனசு உடையுமென்று நம்மில் பலர் இதைத்தான் மறைக்கிறோம்.

ஆனால் அண்ணன் சொன்னது பாதி உண்மைதான். முதலாவதாக வந்தும் விடுதியில், பஸ்ஸில், கடைசியில் கன்னியர் மடத்திலும் சாதி அவரை விடவில்லை. அந்த அடியிலிருந்துதான் ‘கருக்கு’ எழுந்தது. படிச்சா மரியாதை வரும் என்ற ஒற்றை வாக்கை நம்பி வருகிற பதினைந்து வயசுப் பிள்ளை, வகுப்பறையிலேயே ஒரு சொல்லால் அடிபட்டால் என்ன ஆகும்? புத்தகத்தை மூடிவிடும். அதற்கும் பழி வீட்டின் தலையில்! மீதிப் பாதியையும் வீடு சொல்லியாக வேண்டும்: படிச்சாலும் இழிவாப் பேசுவான், அப்பவும் விடாதே, திருப்பிக் கேளு. இதைச் சொல்ல அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அக்கறை பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கூட்டத்தை ஒருமுறை கூலி நேரம் முடிந்தபின், சேரியில் வைத்துப் பார்க்கட்டுமே.